நீல டிரம் தண்ணீர்

1

கனடா வரைபடத்தை நெடுக்குவாட்டில் இரண்டாக மடித்தால் மடிப்பு விழுகிற இடத்தில் நான் குடியிருக்கிற ஊர் இருக்கிறது. வருடத்தில் பாதி பனி, மீதி கொசு. இங்கே வந்து இறங்கிய ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்து என் மனைவி ஒவ்வொரு வருடமும் பாயசம் வைப்பாள். கொண்டாட்டமா, திவசமா என்று இதுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை. இந்த வருடம் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து பாயசக் கிண்ணத்தைக் கையில் எடுத்த நேரத்தில் திண்டுக்கல்லிலிருந்து அக்காவின் போன் வந்தது. அந்தப் போன் என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. ஏன் என்று புரிய வேண்டுமானால் கோடையில் நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும். அதற்கும் முன்னால் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும்.

நான் இந்த ஊரின் தண்ணீர்க் கட்டணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பில் அதிகம் என்பவர்களும் தண்ணீரில் நீச்சல்குளத்து வாசனை வருகிறது என்பவர்களும் வரிசையாக அழைப்பார்கள். எல்லோரிடமும் நான் வருத்தம் தெரிவிக்க வேண்டும். குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், அந்தச் சீறல் சத்தம் கேட்டுத் தெருவே குடத்தோடு ஓடும் என்கிற ஊரில் வளர்ந்தவன் நான். இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வருகிற வெள்ளைக்காரர்களிடம் தண்ணீருக்காக மன்னிப்புக் கேட்டுப் பிழைக்கிறேன்.

திண்டுக்கல்லில் இது தெரியாது. அங்கே நான் ‘வாட்டர் போர்டு ஆபீசர்’. இப்படி அறிவித்தது அக்கா. மறுக்காதது நான். வாரா வாரம் போனில் ‘வேலையெல்லாம் எப்படிலே?’ என்று கேட்பாள். ‘நல்லாப் போகுதுக்கா’ என்பேன். எங்கள் பிரிவை மூடிவிட்டு இயந்திரக் குரலை உட்கார வைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலின் மாதிரியைக் கேட்டும் பார்த்தோம். என்னைவிட நன்றாகவே வருத்தம் தெரிவித்தது. இதையெல்லாம் ஊருக்குச் சொல்வானேன்?

2

என் மகள் அமலி சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். கூடப் படிப்பவர்கள் கோடை விடுமுறையில் கண்ணாடிக் கட்டட வக்கீல் அலுவலகங்களுக்குப் போய்க் காபி இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இவளுக்குச் சுற்றுச்சூழல் நீதிக்கான கோடைகால ஃபெல்லோஷிப் கிடைத்தது. ஆலைக் கழிவு எப்போதும் இல்லாதப்பட்டவன் வீட்டுப் பக்கமாகவே ஓடுகிறதே, அது ஏன் என்று சட்டப்படி கேட்பதற்குப் பெயர் சுற்றுச்சூழல் நீதி. கேட்பதற்கு உதவித்தொகையும் உண்டு. நான் படித்த காலத்தில் இந்த மாதிரிக் கேள்விக்கு முட்டி போட வைப்பதுதான் வழக்கம்.

உலகத்தில் எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். திண்டுக்கல்லை எடுத்துக்கொண்டாள். அங்கே தோல் ஷாப்புகளால், அதாவது தோல் பதனிடும் ஆலைகளால், கிணறுகள் கெட்டுப்போன கதை இணையத்தில் எங்கோ கண்ணில் பட்டிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேறு ஊரைக் காட்டியிருப்பேன். கடன் வாங்கி டிக்கெட் எடுத்து நான் தப்பி வந்த ஊருக்கு என் மகளை இலவச டிக்கெட்டில் அனுப்பி வைத்தார்கள்.

புஷ்பம் அக்காவுக்குச் செய்தி சொன்னேன். அக்கா ஓய்வு பெற்ற ஆசிரியை. தாடிக்கொம்புப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். ஃபெல்லோஷிப் என்றதும் குரல் இறங்கிவிட்டது. கிடாரும் கைத்தட்டலுமாக நடக்கிற ஜெபக் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர்தான் வழக்கம். எங்களைப் போன்ற கத்தோலிக்கர்கள் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது.

“ஏலே, நம்ம சாமியாருக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போவேன்? அங்கன கூட்டிட்டுப் போயி இம்புட்டு வருசமா என்னத்தத்தாம்லே வளத்த?”

அது இது இல்லை, வக்கீல் வேலை என்று விளக்கியதும் சமாதானமானாள். ஒரே வாரத்தில் அவளுடைய தெரு முழுவதும், ஆபீசர் மகள் அமெரிக்கக் கோர்ட்டு சார்பாக வருவதாகத் தெரிந்துகொண்டது. கனடா என்று நான் திருத்தினேன். அதெல்லாம் ஒண்ணுதான் என்றாள்.

இன்னொரு சிக்கல் அமலியின் தமிழ். இங்கே கோயிலில் ஞாயிறு வகுப்பில் கற்றுக்கொண்டது. செய்தி வாசிப்பதைப் போல இருக்கும். ‘தங்கள் கிணறு குறித்து உரையாட வந்துள்ளேன்’ என்பாள். வீட்டில் என்னோடு பேசுவதே குறைந்துபோய், ‘சரி’, ‘தெரியாது’, ‘அப்புறம்’ என்ற மூன்று சொற்களில் எங்கள் உறவு பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அவற்றிலும் இரண்டை ஆங்கிலத்தில்தான் சொல்வாள்.

3

கிராமத்தின் பெயரை எழுதக் கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள். விசாரணை நிலுவையில் இருக்கிறதாம். நகரத்துக்கு வெளியே, ஒரு பழைய தோல் ஷாப்பின் மதிலுக்குப் பின்னால் இருக்கும் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. மஞ்சளாகத் தண்ணீரும் உண்டு. வாயில் வைக்க முடியாது. குடிப்பதற்குச் சில நாட்களுக்கு ஒரு முறை லாரியில் காவிரித் தண்ணீர் வரும். அதை நீல பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, மூடி போட்டு, மூடிமேல் அம்மிக்குழவியையும் வைத்துப் பாதுகாப்பார்கள்.

அந்த ஊருக்காக மனுப் போட்டிருந்தவர் திண்டுக்கல்லில் ஒரு மூத்த வக்கீல். அமலி அவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். கிணறுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஊர்க்காரர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள் என்பது ஷாப்பு தரப்பின் வாதம். கலெக்டர் அலுவலகத்தில் விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் புதிதாகத் தண்ணீர் மாதிரி எடுத்து, மதுரையில் பரிசோதித்து, முடிவைத் தாக்கல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. ஊருக்குக் குழாயும் வராது, கிணறுகளைச் சுத்தப்படுத்தச் சொல்லி உத்தரவும் வராது. மாதிரி எடுக்கும் பொறுப்பை வக்கீல் அமலியிடம் கொடுத்தார்.

ஃபெல்லோஷிப்புக்கு ஒரு கட்டு விதிமுறைகள் இருந்தன. பாதிக்கப்பட்ட மக்களிடமிருந்து எதையும் பெறக் கூடாது என்பது அதில் ஒன்று. முதல் நாள் போன முதல் வீட்டில் கலர் சோடா வாங்கிவந்து உடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் எழுந்து நின்று, ‘மன்னிக்கவும், இதைப் பெற எனக்கு அனுமதியில்லை’ என்று செய்தி வாசித்துவிட்டாள். அந்த வீட்டுக்காரி பாண்டியம்மாளுக்கு முகம் செத்துவிட்டதாம். எந்த வீட்டில் சாப்பிடலாம், எந்த வீட்டில் கூடாது என்று அனுமதி பார்த்து நடக்கிறவர்களை அந்த ஊர் நிறையவே பார்த்திருக்கிறது. மறுநாள் ஒருவரும் பேசவில்லை.

அமலி பதறிப்போய்க் கல்லூரிக்கு எழுதினாள். அவர்கள் குழு கூடி ஆலோசித்து, ‘பண்பாட்டு வழக்கம் சார்ந்த சிற்றுண்டியையும் பானத்தையும் உட்கார்ந்து ஏற்கலாம்’ என்று பதில் அனுப்பினார்கள். உட்கார்ந்து என்ற சொல்லை யார் சேர்த்தார்களோ தெரியாது. வினை அதில்தான் இருந்தது.

அடுத்த முறை அக்காவும் கூடப் போனாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அடி வாங்கியவர்கள். டீச்சர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் ஊர் தலைகீழாக மாறிவிட்டது. வாசலில் நாற்காலி வந்தது. கலர் வந்தது, முறுக்கு வந்தது. அமலி அனுமதிப்படி உட்கார்ந்து ஏற்றாள். மாதிரி பிடிக்கிற பாட்டில்களை வெளியே எடுத்ததும், ‘நீ இரு பாப்பா, வெயிலு’ என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய் நிரப்பிக் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் இப்படியே நடந்தது. வீடு, கிணறு, நேரம் எல்லாவற்றையும் அவள் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கி மதுரைக்கு அனுப்பினாள். அன்று எனக்கு எழுதிய செய்தியில் ‘ஊர் மக்களின் முழு ஒத்துழைப்பு கிடைத்தது’ என்று இருந்தது.

4

முடிவு வந்த அன்று காலை நான் பேருந்தில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அமலி போனில் அழுதாள். எதற்கும் அழாத பிள்ளை.

தண்ணீர் நன்றாக இருந்ததாம். எல்லாக் கிணறும். உப்பு இல்லை, தோல் பதனிடுகிற குரோமியம் இல்லை, குறை ஒன்றும் இல்லை. குடிக்கத் தகுந்தது என்று சான்றளித்து முத்திரையும் குத்தியிருந்தார்கள். விசாரணைக்கு ஒரு வாரம்கூட இல்லை. வக்கீல் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, “இதக் கிழிச்சுப் போடும்மா. நாம இதப் பாக்கவே இல்ல” என்றிருக்கிறார். அமலி மறுத்துவிட்டாள். நமக்குப் பிடிக்காத முடிவை மறைத்தால் நமக்கும் ஷாப்புக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாளாம். கேட்டுவிட்டு வந்து, ஒரு ஊரின் வழக்கையே தன் கையால் முடித்துவிட்டோமே என்று அழுகிறாள்.

அறிக்கையை எனக்கு அனுப்பச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது செய்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான். எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் ஏதோ நெருடியது. எல்லா வரிகளிலும் ஒரே எண். மேட்டுத் தெருக் கிணறும் பள்ளத் தெருக் கிணறும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. எங்கள் பிரிவில் ஒரு தெருவின் எல்லா மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மீட்டர் பார்க்கப் போனவர் மீட்டரைப் பார்க்கவில்லை.

“கிணத்த நீ பாத்தியா?”

“பார்த்தேன். தூரத்திலிருந்து.”

“தண்ணி எடுத்தப்ப நீ எங்க இருந்த?”

“நாற்காலியில்.”

“யாரு நிரப்புனா?”

“அவங்கதான். உள்ளே கொண்டு போய்...”

நான் பேருந்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த நாட்டில் பேருந்தில் தனியாகச் சிரிப்பவனுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆபீஸ் வரைக்கும் கால் நீட்டி வந்தேன்.

எப்படிச் சிரிக்காமல் இருப்பது? டீச்சரின் தம்பி மகள் கடல் தாண்டி வந்து, வாசலில் உட்கார்ந்து, பாட்டிலை நீட்டித் தண்ணீர் கேட்கிறாள். அந்த ஊரில் எந்த வீட்டில் அதில் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள்? குழவியை இறக்கி வைத்து, மூடியைத் திறந்து, நாலு நாளைக்கு வைத்திருக்கும் நீல டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றியிருக்கிறார்கள். என் மகள் ஊர் முழுக்கச் சுற்றி ஒரே லாரித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறாள்.

5

மறுநாளே அக்காவும் அமலியும் மறுபடியும் போனார்கள். அடுத்து வருவதை இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். அக்கா சொன்னதில் அக்காவுக்கு வசனம் அதிகமாக இருந்ததால் அமலி சொன்னதைத் தருகிறேன்.

அக்கா நேரே பாண்டியம்மாள் வீட்டுக்குப் போய்ப் பழைய டீச்சர் குரலில் விசாரித்திருக்கிறாள். பாண்டியம்மாள் மறைக்கவில்லை.

“கோவிச்சுக்காதீக டீச்சர். சீமையிலருந்து வந்த புள்ள. அது கையில போயி அந்தத் தண்ணியவா ஊத்திக் குடுக்குறது? மாட்டுக்கு வைக்கவே கூச்சமாருக்கு.”

“குடிக்கவாடி கேட்டா? டெஸ்ட்டுக்குத்தான கேட்டா?”

பாண்டியம்மாள் முந்தானையைத் திருகினாளாம். பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

“டெஸ்ட்டுன்னாலும் நாலு பேரு மூடியத் தெறந்து மோந்து பாப்பாகள்ல? எந்த வீட்டுத் தண்ணின்னு பேரு வேற எழுதி ஒட்டியிருக்கு. எம்மகனுக்குப் பொண்ணு பாக்குறேன் டீச்சர். வந்தவுக கிணத்துத் தண்ணியில ரெண்டு தடவ கை கழுவிட்டு, கையயும் மோந்து பாத்துட்டுப் போனவுகதான், திரும்ப வரல. இதப் பேப்பர்ல வேற போட்டுட்டா எவன் குடுப்பான்?”

எனக்கு இங்கே அதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

அமலி நாற்காலியிலிருந்து எழுந்து, வீட்டுக்குப் பின்னால் போய், கிணற்று வாளியை எடுத்து உள்ளே விட்டாள். வாளி போயிற்று, கூடவே கயிறும் போயிற்று. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எந்த விதிமுறையிலும் எழுதியிருக்கவில்லை.

சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. சட்டம் படித்த பிள்ளைக்கு வாளி விடத் தெரியவில்லை என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். நாலாவது வீட்டிலிருந்து பாதாளக்கரண்டி வந்தது. கிணற்றில் விழுந்த வாளியைத் தேடி எடுக்கிற கொக்கிக் கொத்து அது. ஒருவர் துழாவ, ஐந்து பேர் யோசனை சொல்ல, கடைசியில் மஞ்சளாக வழிந்துகொண்டு வாளி மேலே வந்தது. வாடையில் எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். அமலி பாட்டிலை எடுத்தாள். பாட்டில் வாய்க்குச் சரியாகச் சாய்க்கத் தெரியாமல் பாதியை வெளியே கொட்டினாள். பாண்டியம்மாள் வாளியை வாங்கிக்கொண்டாள்.

“குடு இங்க. இதுகூட வரமாட்டேங்குது ஒனக்கு. இந்தா, நல்லா இறுக்கி மூடு. அந்தாளுக தெறக்கும்போது தெரியட்டும்.”

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “இதப் போயி கெட்ட தண்ணின்னு அனுப்புறீக. எங்க கிணத்துத் தண்ணிய மோந்து பாத்தீகன்னா மயக்கமே வரும்” என்றாள். எதிர் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. தன் வீட்டுத் தண்ணீரில் தேங்காய் நார் வெந்துவிடும் என்றார். பொழுது சாய்வதற்குள், யார் கிணறு அதிக மோசம் என்பதில் இரண்டு வீட்டுக்கு இடையே பேச்சுவார்த்தை நின்றுபோனது. இந்த முறை அமலி ஒவ்வொரு கிணற்றடியிலும் நின்றாள். எங்கேயும் உட்காரவில்லை.

6

இரண்டாவது முடிவு விசாரணைக்கு முதல் நாள் வந்தது; ஒரு கிணறும் தேறவில்லை. விசாரணையில் அமலி இரண்டு முடிவுகளையும் தாக்கல் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். முதல் முடிவு ஏன் அப்படி வந்தது என்று ஒரு விளக்கமும் எழுதினாள். ‘முதல் மாதிரிகள் விருந்தோம்பலால் பாதிக்கப்பட்டவை’ என்பது அதில் ஒரு வரி. வக்கீல் தன் அனுபவத்தில் இப்படி ஒரு வரியைக் கோப்பில் பார்த்ததில்லை என்றாராம். ஷாப்பு தரப்பு முதல் முடிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. விசாரணை அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு, இரு தரப்பையும் நம்பாமல், அதிகாரிகளே நேரில் போய் மாதிரி எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வெற்றி என்று வக்கீல் கை குலுக்கினார். அக்காவுக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. அதிகாரிகளும் விருந்தாளிகள்தானே. அமலி விமானம் ஏற வேண்டிய நாள் அதற்குள் வந்துவிட்டதால் பொறுப்பு முழுவதும் அக்கா தலையில் விழுந்தது. ஊரைக் கூட்டி, ஆண்டுவிழாவுக்கு ஒத்திகை பார்ப்பதைப் போலப் பயிற்சி கொடுத்தாள். நாற்காலி போடக் கூடாது. கலர் கூடாது. பாட்டிலை யாரும் கையில் வாங்கக் கூடாது. ‘வாங்க’ என்று சொல்லலாம், அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அரை நாள் மரியாதை இல்லாமல் இருப்பது அந்த ஊருக்கு அவ்வளவு கடினம் என்று அதுவரை அவளுக்கே தெரியாதாம்.

அந்த நாள் எப்படிப் போனது என்று சொல்லத்தான் பாயச நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அமலியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

ஊர் தாக்குப்பிடித்துவிட்டது. அதிகாரிகள் வெயிலில் நின்று, தாங்களே கயிறு பிடித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாக் கிணற்றிலும் எடுத்தார்கள். பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்கிற வரைக்கும் பாண்டியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முத்திரை காய்ந்ததும் ஓடிப்போய் டிரம்மைத் திறந்து ஆளுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டாள். மடமடவென்று குடித்தார்களாம். ஊருக்குக் குழாய் இழுக்க வேண்டியதுதான் என்று சின்ன அதிகாரி ஒருவர் வாய்தவறிச் சொல்லியும்விட்டார். எழுத்தில் வர நாளாகும்.

“அம்புட்டும் சரியாப் போச்சா அத்த?” என்று அமலி கேட்டாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இந்த ‘அம்புட்டும்’ என் வாயிலிருந்து உதிர்ந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. அவள் கைப்பெட்டியில் வைத்து எடுத்து வந்திருக்கிறாள்.

அக்கா அவளிடம் செத்த நேரம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வழக்கமான கேள்விதான்.

“நீ எப்படிலே இருக்க? வேலையெல்லாம் எப்படி?”

“நல்லாப் போகுதுக்கா.”

வழக்கமாக இதோடு போனை வைத்துவிடுவாள். இன்று வைக்கவில்லை.

“ஏலே,” என்றாள் அக்கா. “வாராவாரம் இதையேதான் சொல்ற. ஒரே எண்ணா இருக்குதே. டிரம்முல மொண்டு ஊத்தாத. கிணத்துலருந்து சொல்லு.”

அமலி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். நான் பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வாளியை இறக்கினேன்.